தட்டு விழுந்தபோது அத்தை சமையலறையில் இருந்தாள்

என் அத்தை யாரையும் கொலை செய்யவில்லை. இதிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. எங்கள் தெருமுனைக் கடைக்காரர் இன்றைக்கும் அவளைப் பார்த்தால், "கத்தியை எங்கம்மா ஒளிச்சு வெச்ச?" என்று கேட்பார். "உன் கல்லாப்பெட்டிக்கு அடியிலதான். நல்லா குனிஞ்சு பாரு" என்பாள் அத்தை. அவர் சிரிப்பார். அவள் சிரிக்க மாட்டாள். சோப்பை வாங்கிக்கொண்டு வந்துவிடுவாள்.

அத்தை என் அப்பாவுக்கு அக்கா. தொழில், துணி தேய்ப்பது. எங்கள் வீட்டு முன்னறை முழுவதும் அவளுடைய மேசைதான். மேசை மேல் கருகல் படிந்த கம்பளி, அதன் மேல் வெள்ளைத் துணி, ஓரத்தில் தண்ணீர் தெளிக்கும் புட்டி. சுவருக்குச் சுவர் கட்டிய கயிற்றில் ஊரார் சட்டைகள் தொங்கும். எங்களைப் பார்க்க வருகிறவர்கள் யாரோ ஒருவருடைய சட்டைக் கையை விலக்கித்தான் எங்கள் முகத்தைப் பார்க்க முடியும்.

அவளுடைய இடது முன்கையில், மணிக்கட்டுக்குச் சற்று மேலே, இஸ்திரிப் பெட்டியின் முனை பதிந்த தழும்பு ஒன்று உண்டு. படகின் மூக்கு மாதிரி இருக்கும். சின்ன வயதில் நான் அதில் பேனாவால் ஒரு கண் வரைந்து மீன் ஆக்கிவிடுவேன். அத்தை திட்ட மாட்டாள். "வாலையும் போடுடி. வால் இல்லாம அது எப்படி நீந்தும்?" என்பாள்.

முன்பு அவள் ஒரு பெரிய சலவைக் கடையில் வேலை பார்த்தாள். ஒரு நாள் ஒரு வாடிக்கையாளர் அம்மா வந்து, கோட்டில் குத்தியிருந்த கல் பதித்த ஊசியைக் காணோம் என்றார். அந்தக் கோட்டைத் தேய்த்தது அத்தை. கடை முதலாளி நல்லவர்தான். அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ எடுத்திருப்பேன்னு நான் நினைக்கல. ஆனா அவங்க பழைய கஸ்டமர். மன்னிச்சிடுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிடு, முடிஞ்சு போகும்" என்றாராம்.

"எடுத்திருந்தா எடுத்தேன்னு சொல்லுவேன். எடுக்கலைன்னா எதுக்கு மன்னிப்பு?"

"ஒரு வார்த்தைதானேம்மா."

"ஒரு வார்த்தைதான். அதைத்தான் தர மாட்டேன்."

அன்றைக்கே தன் கம்பளியைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். அந்த ஊசி கடைசி வரைக்கும் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் கதைக்கு நன்றாக இருந்திருக்கும். அப்பாவுக்குக் கோபம். "வாய் மட்டும் இல்லைன்னா உன்னை நாய் தூக்கிட்டுப் போயிருக்கும்கா" என்றார். "தூக்கிட்டுப் போனாலும் சாயங்காலத்துக்குள்ள கொண்டு வந்து விட்டுடும்டா. என் பேச்சைத் தாங்காது" என்றாள் அத்தை. மறுநாள் முன்னறையில் மேசை வந்துவிட்டது.

தொலைக்காட்சிக்குள் அவள் போனதும் துணி வழியாகத்தான். அடுத்த தெருவில் ஒரு பழைய பங்களாவைப் படப்பிடிப்புக்கு வாடகைக்கு எடுத்திருந்தார்கள். நடிகர்களின் உடைகள் அத்தையிடம் தேய்க்க வரும். தேய்த்ததை ஹேங்கரில் மாட்டி, தோளுக்கு மேலே கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, தெருப்புழுதி படாமல் கொண்டு போய்க் கொடுப்பாள். ஒரு நாள் அப்படிப் போனபோது, வேலைக்காரியாக நடிக்க வேண்டிய பெண் வரவில்லை என்று இயக்குநர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். அத்தை அவரைத் தாண்டி நடந்து போனாள். "இந்த நடைதான் எனக்கு வேணும்" என்றாராம் அவர். "நடையை எப்படி தம்பி தனியாத் தர முடியும்? நானும் கூட வருவேன்" என்றாளாம் இவள்.

அது ஒரு கொலைக்கதைத் தொடர். ஒரு பெரிய வீடு. மாடியறையில் வீட்டுப் பெரியவர் கத்தியால் குத்தப்பட்டுச் செத்துக்கிடக்கிறார். கொன்றது யார் என்பதுதான் கதை. மூத்த மகன், இளைய மருமகள், குடும்ப டாக்டர், காவலாளி, வேலைக்காரி என்று எல்லார் மேலும் சந்தேகம் சுற்றிச் சுற்றி வரும். அத்தைக்கு வேலை, டீ கொண்டு வருவது. டீ கொடுக்கும்போது ஒவ்வொருவரையும் ஒரு மாதிரி பார்ப்பது.

முதல் நாள் மேக்கப் அண்ணன் அவள் கைத் தழும்பை மறைக்கப் பார்த்தார். "எதுக்கு?" என்றாள் அத்தை. "ஸ்க்ரீன்ல நல்லா இருக்காதும்மா." "அடுப்படியில வேலை செய்றவ கையில சூடு இல்லைன்னா அதுதான்யா நல்லா இருக்காது." மேக்கப் அண்ணன் யோசித்துவிட்டுத் துணியால் பூச்சைத் துடைத்தார். அதற்குப் பிறகு தினமும் அந்தத் தழும்பு இன்னும் கொஞ்சம் தெளிவாகத் தெரிகிற மாதிரி ஓரங்களில் லேசாகப் பவுடர் போடுவார். அது அவருக்குச் சொந்தமானது போல ஆகிவிட்டது.

அவளுடைய பெரிய காட்சி முதல் வாரத்திலேயே வந்தது. சமையலறையில் அவளும் இளைய மருமகளும் இருக்கிறார்கள். அவள் கையில் டீக் கோப்பைகள் அடுக்கிய தட்டு. மாடியில் பெரியவரின் அலறல். இருவரும் நிமிர்ந்து பார்க்கிறார்கள். தட்டு விழுகிறது. அவ்வளவுதான். அதற்காக அத்தை வீட்டில் எங்கள் எவர்சில்வர் தம்ளர்களை வைத்துப் பயிற்சி எடுத்தாள். இன்றைக்கும் எங்கள் வீட்டில் ஒரு தம்ளர்கூட நேராக நிற்காது. படப்பிடிப்பில் தட்டு விழுந்தபோது ஒரு கோப்பை உடையாமல் உருண்டு, வட்டமடித்து, இளைய மருமகளின் காலடியில் போய் நின்றது. செட்டே கைதட்டியது. இயக்குநர் அந்த ஷாட்டைத் தொடரின் டைட்டில் பாட்டிலேயே சேர்த்துவிட்டார். பாட்டு ஆரம்பிக்கும், யாரோ அலறுவார்கள், அத்தை தட்டைப் போடுவாள், தொடரின் பெயர் வரும். தினமும்.

தொடர் ஓடும் நேரம் எங்கள் வீட்டில் கதையை யாரும் பார்ப்பதில்லை. தப்பைத்தான் பார்ப்போம். காவலாளிக்கு வாசலில் மீசை இருக்கும், கூடத்துக்கு வந்தால் இருக்காது, திரும்ப வாசலுக்குப் போனால் முளைத்திருக்கும். டாக்டர் மழையில் நனைந்து உள்ளே வருவார், தலை காய்ந்திருக்கும். "செத்தவர் மூக்கு ஆடுது பாரு" என்பார் அப்பா. "ஆடாம என்ன பண்ணும்? மனுஷன் காலையிலிருந்து பொணமாக் கிடக்கறார். கொசு கடிச்சாலும் சொறியக் கூடாது. நீ கிடந்து பாரு" என்பாள் அத்தை. தப்புகள் மேல் அவளுக்குக் கோபமே கிடையாது. "மனுஷங்க பண்றது. மீசை மறந்து போறது சகஜம்."

அந்தத் தொடருக்குள் என்னைக் கொண்டுபோய் விட்டதும் அவள்தான். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். பட்டம் வாங்கி, வேலை தேடி, கிடைக்காமல் அத்தைக்குச் சட்டை மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அத்தை நேராகக் கதாசிரியரிடம் போய், "எங்க வீட்டுப் பட்டதாரி ஒருத்தி சும்மா இருக்கா. நீங்க எழுதறதுல நிறைய ஓட்டை இருக்கு. அவளை வெச்சுக்கங்க" என்றிருக்கிறாள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சேர்த்துக்கொண்டார்.

அந்தக் கதாசிரியரை நாங்கள் எல்லாரும் முடிச்சு என்போம். எந்த இடத்தில் கதை தேங்கினாலும் விரலைச் சுண்டி, "இங்க ஒரு முடிச்சு போடலாம்" என்பார். எனக்கு அவர் கொடுத்த வேலை, வசனத்தில் உதவுவது, முந்தின நாள் கதைச் சுருக்கம் எழுதுவது, செட்டில் நின்று கன்டினியூட்டி பார்ப்பது. அதாவது நேற்று வலது கையில் இருந்த குடை இன்றைக்கு இடது கையில் இருந்தால் சத்தம் போட வேண்டும். வீட்டில் சோபாவில் உட்கார்ந்து செய்ததைத்தான் அங்கே நின்றுகொண்டு செய்தேன். காவலாளியின் மீசை அதற்குப் பிறகு மறையவே இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

தொடர் முடிவை நெருங்கியது. கொலைகாரன் மூத்த மகன் என்பது முதலிலேயே முடிவு செய்யப்பட்டிருந்தது. ஒரு மதியம் சேனலிலிருந்து ஒருவர் வந்து போனார். அவர் போனதும் முடிச்சு எங்களை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"கொலைகாரன் மாறியாச்சு" என்றார். மூத்த மகனாக நடித்தவருக்கு ரசிகர்கள் பெருகிவிட்டார்களாம். அடுத்த பாகத்துக்கும் அவர் வேண்டும், அவர் கையில் ரத்தம் படக் கூடாது என்பது சேனலின் கட்டளை.

"அப்போ யாரு சார்?" என்றார் கண்ணாடி. என்னோடு வேலை பார்க்கும் இன்னொரு உதவியாளர் அவர்.

"வேலைக்காரி. இளைய மருமகள்னா வீட்டுல பாக்கற பொம்பளைங்க கோச்சுக்குவாங்க. டாக்டர்னா டாக்டருங்க சண்டைக்கு வருவாங்க. வேலைக்காரி பண்ணினா யாருக்கும் வருத்தம் இல்ல."

எனக்கு வாய் தானாகத் திறந்தது. "அலறல் கேக்கும்போது அவங்க கீழ சமையலறையில இருந்தாங்களே சார். தட்டு விழுதே. தினமும் பாட்டுல விழுதே."

எல்லாருமே அந்தப் பாட்டை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

"இரட்டைப் பிறவின்னு வெச்சா?" என்றார் கண்ணாடி.

"அதுக்கு இன்னொரு பிளாஷ்பேக் வேணும். ஆளை விடு."

"அலறினது பெரியவர் இல்ல, அவர் வளர்த்த கிளின்னு சொன்னா?"

"கிளி எப்படா வந்துச்சு?"

"முதல் வாரத்துல மாடியில ஒரு கூண்டு இருந்துச்சு சார்."

"அது காலிக் கூண்டுடா."

"அதான் சார், கொலையைப் பாத்து பயந்து பறந்து போச்சு."

முடிச்சு கண்ணை மூடிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். "யாரும் கவனிக்க மாட்டாங்க. அழுதுக்கிட்டே சொன்னா எந்த ஓட்டையும் அடைபட்டுடும். கேமராவைக் கிட்டக் கொண்டு போய்க் கண்ணீரைக் காட்டினா, மாடி எங்க, சமையலறை எங்கன்னு எவன் கேப்பான்? அந்த சீனை நீயே எழுது. உன் அத்தைதானே, அவங்க வாய்க்கு எது பொருந்தும்னு உனக்குத்தான் தெரியும். அப்படியே அவங்ககிட்டயும் பேசிடு. நீ சொன்னா கேப்பாங்க."

எழுதினேன். மறுக்கலாம் என்றுகூட அப்போது எனக்குத் தோன்றவில்லை. வேலைக்காரிக்கு ஒரு பழைய காயம், பெரியவர் அவளுக்குச் செய்த ஒரு துரோகம், அடக்கி வைத்த கண்ணீர். கடைசியில், "ஆமா, நான்தான் கொன்னேன்." நன்றாக எழுதிவிட்டோம் என்ற நிறைவு வந்தது. அந்த நிறைவுதான் பிறகு என்னை உறுத்தியது. இவ்வளவு படித்து, இவ்வளவு சொற்களைச் சேர்த்து, கடைசியில் எதற்கு? அந்தப் பெரிய வீட்டு மூத்த மகனின் கையிலிருந்து ரத்தத்தைத் துடைத்து என் அத்தையின் கையில் பூசுவதற்கா? அப்படியெல்லாம் பெரிதாக நினைக்காதே, இது வெறும் தொடர் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். இரண்டில் எது உண்மை என்று எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் அத்தை ஒரு வெள்ளைச் சட்டையின் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்று வாசித்துக் காட்டினேன். அவள் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு முழுவதையும் கேட்டாள்.

"நல்லா எழுதியிருக்கடி. எனக்கே அழுகை வருது" என்றாள். பிறகு, "ஆனா நான் கொல்லலையே" என்றாள்.

"நீ கொல்லல அத்தை. கதையில வர்ற அந்த அம்மா கொன்னாங்க."

"அந்த அம்மா அப்போ எங்க இருந்தா?"

"சமையலறையில."

"யாரு பாத்தா?"

"இளைய மருமகள் பாத்தாங்க."

"அவ மட்டுமா? தினம் பாட்டுப் போட்டு ஊருக்கே காட்டறீங்க."

"கதைதானே அத்தை."

"அதைத்தான் நானும் கேக்கறேன். கதைதானே? அந்த மூத்தவன் பண்ணினதாவே இருந்துட்டுப் போகட்டுமே. கதைதானே?"

உள்ளேயிருந்து அப்பா ஒரு பாவாடையை விலக்கிக்கொண்டு தலையை நீட்டினார். "அக்கா, நடிக்கக் கூப்பிட்டா நடிச்சுட்டு வரணும். ராஜா வேஷம் போட்டவன் மறுநாள் வீடு வீடா வந்து வரி கேக்கறானா?"

"ராஜா வேஷம் போட்டவன் பஸ்ல ஏறினா யாரும் பையை மடியில இழுத்து வெச்சுக்க மாட்டாங்கடா. என்னைப் பாத்தா வேஷம் போடாமலே இழுத்து வெச்சுக்கறாங்க. துணி எடுக்கப் போற வீட்டுல, உள்ள கூப்பிடறதுக்கு முன்னாடி மேசை மேல என்ன இருக்குன்னு ஒரு தடவை பாத்துட்டுத்தான் கூப்பிடறாங்க. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கறாங்க. நானும் தெரியாத மாதிரியே நிக்கறேன். அது நடிப்பு. அதை நான் காசில்லாமலே பண்றேன். ஆனா செஞ்சேன்னு என் வாயால சொல்லுன்னா, அது வேற."

அப்பாவின் தலை உள்ளே போய்விட்டது.

கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன். "நீ மாட்டேன்னா என் வேலை என்ன ஆகும் அத்தை?"

அவள் கொஞ்ச நேரம் சட்டையைத் தடவிக்கொண்டிருந்தாள். அந்தக் கேள்வி அவளைத் தொட்டுவிட்டது என்பது தெரிந்தது. எனக்குச் சங்கடமாக இருந்தது.

"உன் வேலையை நீ பாருடி. எழுதச் சொன்னா எழுது. நான் தடுக்கல. என் வாயை மட்டும் என்கிட்ட விட்டுடு."

படப்பிடிப்பு நாளன்று அவள் வந்தாள். வரமாட்டாள் என்று நினைத்திருந்தேன். மாட்டேன் என்பதை நேரில்தான் சொல்ல வேண்டும் என்பது அவளுடைய கணக்கு. வேலைக்காரியின் உடையைப் போட்டுக்கொண்டு, தலையில் துணி கட்டிக்கொண்டு, பங்களாவின் கூடத்தில் விளக்குகளுக்கு நடுவே நின்றாள். போலீஸ் உடையில் இருந்தவர்கள் உட்பட எல்லாரும் சுற்றி நின்றார்கள்.

"தம்பி, எனக்கு எதை வேணா குடு" என்றாள் இயக்குநரிடம். "என் மேல பழி விழட்டும். போலீஸ் இழுத்துட்டுப் போகட்டும். ஜெயில்ல போடு, உருண்டு புரண்டு நடிக்கறேன். செஞ்சேன்னு மட்டும் நான் சொல்ல மாட்டேன். நான் கீழ இருந்தேன்."

இயக்குநர் இளைஞர். கோபக்காரர் இல்லை. அவர் முகத்தில் ஒரு கணம் ஏதோ ஓடியது. அதை எடுத்தால் எப்படி இருக்கும் என்று அவர் யோசித்ததாகத்தான் எனக்குப் பட்டது. பிறகு முடிச்சைப் பார்த்தார். முடிச்சு வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"அது வேற கதை அக்கா. ஒரே ஒரு வரிதான். சொல்லிடுங்க, முடிஞ்சுடும்" என்றார் இயக்குநர்.

"இதையே ஒருத்தர் முன்னாடியும் என்கிட்ட சொன்னார் தம்பி."

தயாரிப்பு மேனேஜர் முன்னால் வந்தார். "இதுக்கப்புறம் எந்த செட்டுலயும் உங்களுக்குக் கதவு திறக்காது, பாத்துக்கங்க."

"திறக்கலைன்னா துணியை வாசல்லயே வெச்சுட்டுப் போறேன்."

யாரோ சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டார்கள். அத்தை தலையில் கட்டிய துணியை அவிழ்த்தாள். அதை நான்காக மடித்தாள், மடிப்பின் மேல் விரலால் ஒருமுறை அழுத்தினாள், உடைப் பொறுப்பாளர் கையில் கொடுத்தாள். "ஓரமெல்லாம் கசங்கியிருக்கு. நாளைக்கு அனுப்பு" என்றாள். என்னைத் தாண்டிப் போகும்போது என் பக்கம் திரும்பவில்லை. என் வேலையை என்னிடமே விட்டுவிட்டுப் போகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

அவள் இல்லாமல் படப்பிடிப்பு நிற்கவில்லை. கூட்டத்தில் நிற்க வந்திருந்த ஒரு பெண்ணுக்கு அதே உடையைப் போட்டு, முதுகுப் பக்கமாக எடுப்பது என்று முடிவானது. குரல் பிறகு வேறு ஒருவர் கொடுப்பார். கொலை நடந்ததைக் காட்ட, கத்தியைப் பிடித்த கை மட்டும் ஒரு குளோசப்.

"அந்தத் தழும்பை மறந்துடாதீங்க அண்ணே" என்றார் இயக்குநர். "தட்டு ஷாட்டுல அது பளிச்சுன்னு தெரியும்."

மேக்கப் அண்ணன் அந்தப் பெண்ணை எதிரில் உட்கார வைத்துத் தழும்பை வரைந்தார். நிறம் சரி, படகு மூக்கு சரி, ஓரத்துப் பளபளப்பு சரி. அந்தப் பெண் மாடியறைக்குப் போய்க் கத்தியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் மானிட்டரைப் பார்த்தேன்.

தழும்பு வலது கையில் இருந்தது.

மேக்கப் அண்ணனைப் பார்த்தேன். அவர் பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து வரைந்தால் இடம் வலம் குழம்பலாம். ஆனால் தினமும் அந்தத் தழும்புக்குப் பவுடர் போட்டவர் அவர். தெரிந்து செய்தாரா, தெரியாமல் செய்தாரா? இன்றுவரை நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

"கன்டினியூட்டி?" என்று இயக்குநர் என் பக்கம் திரும்பினார்.

அந்த ஒரு கேள்விக்காகத்தான் எனக்குச் சம்பளம். தட்டும் அலறலும் ஒரே நேரத்தில் நடந்த அந்தப் பெரிய ஓட்டையை நான் சொன்னபோது, யாரும் கவனிக்க மாட்டார்கள் என்றார்கள். இது எவ்வளவு சின்ன ஓட்டை. கை மாறினால் போதும், ஒரு நிமிடத்தில் சரியாகிவிடும். நான் வாயைத் திறந்தால் அந்தக் கை அத்தையின் கையாகிவிடும்.

"சரியா இருக்கு சார்" என்றேன்.

கடைசிப் பகுதி ஒளிபரப்பான அன்று நான் அத்தையிடம் எதுவும் சொல்லவில்லை. அவள் வழக்கம் போல மேசையருகே நின்றபடியே பார்த்தாள். டைட்டில் பாட்டு வந்தது. அலறல் வந்தது. தட்டு விழுந்தது.

"அக்கா, இங்க இருக்க பாரு" என்றார் அப்பா.

"எப்பவும் அங்கதான்டா இருக்கேன்" என்றாள் அத்தை.

பிறகு நான் எழுதிய வசனத்தை யாரோ ஒரு பெண்ணின் குரல் பேசியது. நல்ல குரல், பழகிய அழுகை. திரையில் ஒரு முதுகு குலுங்கியது. அத்தை அந்த முதுகைப் பார்த்து, "பாவம், புதுசு போல. தோள் மட்டும் அழுவுது, இடுப்பு அழல" என்றாள். அடுத்து மாடியறை. கத்தி. கை.

அத்தை பெட்டியைக் கீழே வைத்தாள். திரையைப் பார்த்தாள். தன் இரண்டு கைகளையும் நீட்டி வைத்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீ அங்கதானே இருந்த?"

"இருந்தேன்."

"பாக்கலியா?"

"பாத்தேன்."

அவள் பெட்டியை மறுபடி கையில் எடுத்தாள். "சரி, அந்த நீலச் சட்டையை எடு. சட்டைக்காரங்க காலையிலேயே வந்து நிப்பாங்க" என்றாள். எடுத்துக் கொடுத்தபோது என் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தாள்.

மறுநாள் கடைக்காரர் எங்கள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். "அது உன் கை இல்லையேம்மா. யாரோ உன்னை மாட்டி விட்டிருக்காங்க. அந்த மூத்தவன் மேலதான் எனக்கு சந்தேகம்." பஸ்ஸிலும் அதே பேச்சு. சேனலுக்கும் அதையேதான் எழுதிக் கேட்டிருந்தார்கள். வேலைக்காரியின் கை எப்படி மாறியது, குரல் எப்படி மாறியது, தட்டு விழும்போது அவள் கீழே இருந்தாளே.

முடிச்சு என்னைக் கூப்பிட்டார்.

"பாத்தும் ஏன் சொல்லல?"

"யாரும் கவனிக்க மாட்டாங்கன்னு நீங்கதானே சார் சொன்னீங்க."

செட்டுக்கு இனி நான் வர வேண்டாம் என்றார். அறையில் உட்கார்ந்து கதைச் சுருக்கம் மட்டும் எழுதிக்கொண்டிருக்கிறேன். எவ்வளவு நாளைக்கு என்று தெரியவில்லை. நான் செய்தது தைரியமா, அல்லது பேசத் தைரியமில்லாதவள் செய்கிற வேலையா என்று இன்னும் யோசிக்கிறேன். அத்தை எல்லார் முன்னாலும் நின்று மாட்டேன் என்றாள். நான் சரியா இருக்கு என்றேன். இரண்டும் ஒன்றில்லை என்பது எனக்குத் தெரியும்.

போன வாரம் மேனேஜர் எங்கள் வீட்டுக்கு வந்தார். முன்னறையில் தொங்கிய ஒரு பேன்ட்டை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து, அத்தைக்கு வணக்கம் சொன்னார். அடுத்த பாகத்தில், வேலைக்காரியை மாட்டி விட்டது யார் என்று கதை போகிறதாம். முடிச்சு விரலைச் சுண்டிவிட்டாராம். அத்தை ஜெயிலிலிருந்து வெளியே வர வேண்டும்.

"நாங்க கதவு திறந்தே வெச்சிருக்கோம்மா" என்றார்.

அத்தை ஒரு கால்சட்டையின் மடிப்பை இரண்டாவது முறை அழுத்திக்கொண்டிருந்தாள். "வரேன்" என்றாள். "முதல்ல அந்த மூத்தவனை, நான்தான் கொன்னேன்னு கேமராவுக்கு முன்னாடி சொல்லச் சொல்லுங்க. ஒரு வரிதானே. சொன்னதும் ஆள் அனுப்புங்க, வரேன்."

மேனேஜர் சிரித்துப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. அவர் போகும்போது பேன்ட் அவர் தலையில் இடித்தது.

இதுவரை ஆள் வரவில்லை. துணிகள் வந்துகொண்டிருக்கின்றன.